சுண்டுவிரலுக்கு ஒரு வாரம் லீவு

ரேஷன் கடைக்குப் போகிற நாள் வந்துவிட்டால் சத்தியபாய் மாமி தன் கைகளைப் படாத பாடு படுத்துவார்.

முதலில் சோப்பு. அடுத்து அடுப்புச் சாம்பல். அதற்கும் கறை மசியவில்லை என்றால் தேங்காய்த் தொண்டு நாரில் ஒரு துண்டைப் பிய்த்து, கரி பிடித்த பானையைத் தேய்ப்பதுபோல விரல் விரலாகத் தேய்ப்பார். கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவார்.

"மாமி, அது கையா, பானையா?" என்று கேட்டாள் ஜெப்சி.

"பானையா இருந்தா இதுக்குள்ள வெளுத்திருக்கும் மக்களே." பிள்ளைகளை மாமி செல்லமாக 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்.

ஜெப்சி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். திருவட்டாறு பக்கம் தெற்றிவிளையில், மாமிக்கு அடுத்த வீடு. அவள் அம்மா ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். வீடு திரும்ப ஏழு மணியாகும். அதுவரை ஜெப்சிக்கு மாமி வீடுதான் வீடு.

மாமிக்கு வேலை அண்டி ஆபீஸில். முந்திரிக் கொட்டைக்கு அந்தப் பக்கத்தில் அண்டி என்று பெயர். அதை வறுத்து உடைத்துப் பருப்பு எடுக்கிற இடம் அண்டி ஆபீஸ். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் உட்கார்ந்து, கல்லின்மேல் கொட்டையை வைத்து, கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் கறுக்கும், பொசுங்கும், உரியும். மாமியின் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமாக மாமி அண்டி உடைக்கிறார்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மாமியோடு ஜெப்சியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருந்தது. விற்பனையாளர் அனில்குமாருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. மாமியின் முறை வந்ததும் கைரேகை மிஷினை முன்னால் தள்ளினார்.

"பெருவிரல வையுங்கம்மா."

வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆள்காட்டி விரல்."

சிவப்பு.

"நடுவிரல். செரி, அந்தக் கை."

சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

"எவ்வளவு நேரம்? எங்களுக்கும் வீட்டுல வேலை உண்டு," என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அனில்குமார் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இது மூணாவது மாசம் இல்லியாம்மா? முன்னல்லாம் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு அரிசி தந்தேன். இப்ப அப்பிடித் தரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வார சனிக்கிழமை முப்பத்தொண்ணு. அதுக்குள்ள ரேகை பதியாட்டா பேரையே எடுத்துடுவாங்க. உங்க கார்டுல உங்க பேரு ஒண்ணுதானே இருக்கு?"

"ஓம், நான் ஒருத்திதான்."

"நாலு பேரு இருந்தா வேற யாராவது வந்து வைக்கலாம். நான் என்ன செய்ய, சொல்லுங்க. ஆதார் கார்டப் புதுப்பிச்சிட்டு வாங்களேன்."

மாமி காலிப் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"ஆதாரப் புதுப்பிச்சா என்ன மாமி?" என்று வழியில் ஜெப்சி கேட்டாள்.

"போகாமலா இருந்தேன்? அந்த மையத்துல வெரல வச்சுப் பாத்துட்டு, ரேகையே இல்லியே, எத புதுப்பிக்கன்னு கேக்குறான். தாலுகா ஆபீஸுக்குப் போனேன். கடையில எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கடையில கேட்டா, ஆபீஸுல இருந்து சொன்னாத்தான் எழுதலாமாம்."

"போனுக்கு ஒரு நம்பர் வருமே? அதச் சொன்னா அரிசி குடுப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க."

"அது உனக்க மாமாவுக்க நம்பரு. அவரு போன பிறகு அந்த சிம்மும் போச்சு. இப்ப அது யாருக்க கையிலயோ. அவங்களுக்குத்தான் மாசாமாசம் எனக்க அரிசிக்கு நம்பரு போகுது." மாமி லேசாகச் சிரித்தார். "கண்ணப் பாக்குற மிஷின் வருமாம். நம்ம கடைக்கு எப்ப வருமோ."

பம்பரம்கூட ஒரே இடத்தில் நின்றுதான் சுற்றும். மாமி மூன்று மாதமாக மூன்று இடங்களைச் சுற்றியிருக்கிறார். சுற்றிய ஒவ்வொரு நாளும் ஒரு நாள் வேலை போயிற்று.

அன்று சாயங்காலம் மாமி பால் விடாத கட்டஞ்சாயாவும், அவித்த மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் கொண்டு வந்து வைத்தார். நேற்றும் மரச்சீனி. முந்தாநாளும் மரச்சீனி. முன்பெல்லாம் இந்த நேரத்துக்குக் கஞ்சியும் பயறும் இருக்கும். ஜெப்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமி, ராத்திரிக்கும் இதுதானா?"

"எனக்கு மரச்சீனின்னா உயிரு, கேட்டியா? சோறு தின்னாத்தான் வயித்துக்குச் சேராது."

பொய். போன கிறிஸ்துமஸுக்கு மாமி சோற்றை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதை ஜெப்சி பார்த்திருக்கிறாள். அம்மா ஒருமுறை ஒரு பையில் ஒரு படி அரிசி கொடுத்தனுப்பியபோது, மாமி அதே பையில் முருங்கைக்காயை நிறைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அரிசி அடியில் அப்படியே இருந்தது. மூன்று மடக்கு சாயா குடித்துத்தான் ஜெப்சி கிழங்கை உள்ளே அனுப்பினாள்.

பிறகு வீட்டுப்பாடத்தை எடுத்தாள். சுனிதா டீச்சர் கொடுத்த வேலை அது. பெருவிரலை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி நோட்டில் பதிக்க வேண்டும். அதற்கு அலகும் காலும் வரைந்தால் கோழிக்குஞ்சு ஆகிவிடும். விரல் ரேகைதான் இறகு.

ஜெப்சி வரிசையாக ஐந்து குஞ்சு பொரித்தாள்.

"நல்லா இருக்கே. எனக்கும் ஒண்ணு தா," என்று மாமி பெருவிரலை நீட்டினார்.

பதித்தார். ஊதா நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் வந்தது. கோடே இல்லை. ஜெப்சி அலகு வரைந்து பார்த்தாள். குஞ்சு மொட்டையாக நின்றது.

"இதுக்க இறகு எங்க மாமி?"

"அண்டி எண்ணெய்ல பொரிஞ்சு போச்சு," என்றார் மாமி.

இருவரும் சிரித்தார்கள். ஜெப்சிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். மிஷின் தேடியது இந்தக் கோட்டைத்தானே?

"மாமி, பத்து விரலும் வையுங்க."

"பத்துக் குஞ்சா? வளக்கத் தீனிக்கு எங்க போக?"

"வையுங்க மாமி."

ஒன்று, இரண்டு, மூன்று. வலது கையில் ஐந்தும் மொட்டை. இடது கையில் பெருவிரல் மொட்டை. ஆள்காட்டி மொட்டை. நடுவிரல் மொட்டை. மோதிரவிரலில் இரண்டு கோடு வந்து பாதியில் அழிந்தது.

கடைசியாகச் சுண்டுவிரல்.

ஜெப்சி நோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். மழையில் நனைந்த எழுத்துப்போல மங்கலாக இருந்தது. ஆனாலும் கோடுகள் இருந்தன. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக.

"இதுக்கு இறகு இருக்கு மாமி."

மாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இது மட்டும் எப்பிடி?"

"நீங்க அண்டி எப்பிடி உடைப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

மாமி தரையில் உட்கார்ந்தார். ஒரு புளியங்கொட்டையை எடுத்து இடது கையின் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் பிடித்தார். மோதிரவிரல் பக்கத்தில் சாய்ந்து துணைக்கு நின்றது. வலது கை முழுக்க, கட்டைக்குப் பதிலாக அகப்பைக் காம்பை இறுக்கிப் பிடித்தது. இடது கைச் சுண்டுவிரல் மட்டும், கல்யாண வீட்டில் வேலைக்குக் கூப்பிட்டால் தள்ளிப்போய் நிற்கிறவரைப்போல விறைத்துக்கொண்டு தனியே நின்றது.

"ஆறு வருஷமா இது ஒரு வேலையும் செய்யலியா?" என்று கேட்டாள் ஜெப்சி.

மாமி தன் விரலையே பார்த்தார். "சோம்பேறி. நானும் கவனிச்சதே இல்ல பாத்துக்க."

"வேலையே செய்யாட்டா கோடு நல்லா இருக்கணுமே. ஏன் மங்கலா இருக்கு?"

கேட்டுவிட்டு ஜெப்சி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். சாம்பல் சட்டிக்குப் பக்கத்தில் தொண்டுத் துண்டு கிடந்தது.

"நீங்க தேய்ச்சே அழிச்சிருக்கீங்க மாமி. அது ஒரு தப்பும் செய்யாம அடி வாங்கியிருக்கு. ஒரு வாரம் அதத் தேய்க்காதீங்க. எண்ணெயும் போடாதீங்க."

"தேய்க்காம வெளிய போகவா?" மாமியின் சிரிப்பு நின்றுபோனது. கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டார். "உனக்குத் தெரியாது மக்களே. பஸ்ஸுல நான் கம்பியப் பிடிச்சா பக்கத்துல நிக்கிறவ கையை மாத்திப் பிடிப்பா. ஞாயித்துக்கிழமை கோயில்ல ஜெபம் முடிஞ்சு கை குடுக்க எனக்குக் கூச்சம். கடையில அத்தன பேரு முன்னால இந்தக் கையை நீட்டணும்னா, கொஞ்சமாவது வெளுப்பா இருக்க வேண்டாமா?"

ஜெப்சிக்கு அழுகை வரும்போல இருந்தது. மாமியின் கையைத் தலைப்பிலிருந்து இழுத்து, சுண்டுவிரலைத் தன் விரலால் கோத்துக்கொண்டாள். ரேஷன் அட்டையில் கடைசியாக மிச்சமிருந்த ஆள் அந்த விரல்தான்.

"இது ஒண்ணு மட்டும் மாமி. மத்த ஒம்பதையும் நீங்க எப்பிடி வேணாலும் தேய்ச்சுக்கோங்க."

மாமி கோத்திருந்த இரண்டு விரல்களையும் பார்த்தார். "ஒரு வாரம் வேலைக்குப் போகாம இருந்தா எல்லா வெரலும் தேறிடும். போகாட்டா எதத் தின்னுறது? செரி, இந்தச் சோம்பேறிக்கு மட்டும் லீவு குடுப்போம்."

ஜெப்சி தன் பழைய நீல ரிப்பனை எடுத்துவந்து சுண்டுவிரலில் சுற்றிக் கட்டினாள். முடிச்சு பட்டாம்பூச்சிபோல விழுந்தது.

திங்கட்கிழமை அண்டி ஆபீஸில் ஒரே சிரிப்பு.

"தாணம்மாள் கேக்குறா, உனக்க வெரலுக்குப் பிறந்தநாளான்னு," என்று மாமி சாயங்காலம் வந்து சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லட்டி, லீவுன்னு சொன்னேன்."

தினமும் சாயங்காலம் ஜெப்சி ரிப்பனை அவிழ்ப்பாள். தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைப்பாள். நோட்டில் ஒரே ஒரு குஞ்சு பதிப்பாள். பக்கத்தில் கிழமை எழுதுவாள். திங்கள் குஞ்சுக்கு இறகு மங்கல். செவ்வாய்க்கும் அப்படியேதான். புதன்கிழமை கோடு கொஞ்சம் தெளிந்தது.

வியாழக்கிழமை ஜெப்சி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமி சங்கடமான முகத்தோடு வாசலில் நின்றார். அன்று அரை நாள் வேலையோடு அவர் வந்துவிட்டார்; வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்திருந்தது. கைகள் பளபளவென்று இருந்தன. எண்ணெய் வாசனை வந்தது.

"தேய்ச்சிட்டீங்களா மாமி?" ஜெப்சிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"பத்துப் பேரு வந்தாங்க மக்களே. கை குடுக்கணும் இல்லியா?" மாமி பின்னால் மறைத்திருந்த இடது கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். "ஆனா இத விட்டுட்டேன். பாரு."

நான்கு வெளுத்த விரல்களுக்குப் பக்கத்தில், நீல ரிப்பனுக்குள், ஒரு புகை படிந்த சுண்டுவிரல் தனியாக நின்றது.

"எல்லாரும் அதத்தான் பாத்தாங்க. என்ன காயமான்னு கேட்டு, அதுக்காக ஒரு ஜெபமும் செஞ்சிட்டுப் போனாங்க," என்றார் மாமி.

வெள்ளிக்கிழமைக் குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தது. எண்ணிப் பார்க்கலாம்போல ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது.

முப்பத்தொன்றாம் தேதி. கடைசி நாள் என்பதால் கடையில் வரிசை ரோடுவரை வந்திருந்தது. ஜெப்சியின் கையில் நோட்டு, பைக்குள் ஸ்டாம்ப் பேட். மாமிக்கு வியர்த்துக் கொட்டியது. ரிப்பனுக்கு வெளியே நீண்ட சுண்டுவிரல் நுனியை ஜெப்சி மாமியின் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அனில்குமார் மாமியைப் பார்த்ததும் முகம் வாடினார். "அம்மா, எனக்குத் தர ஆசையில்லாமலா? ரேகை விழணுமே."

"சார், சுண்டுவிரல் வைக்கலாமா?" என்று ஜெப்சி கேட்டாள்.

"சுண்டுவிரலா? அத யாரும் வைக்க மாட்டாங்களே."

"வைக்கக் கூடாதா சார்?"

அனில்குமார் யோசித்தார். மிஷினைப் பார்த்தார். "கூடாதுன்னு இல்ல. ஆதாருல பத்து விரலும் எடுத்திருப்பாங்கதான். இந்தக் கூட்டத்துல மூணு விரலுக்கு மேல பாக்க எனக்கு எங்க நேரம்?"

ஜெப்சி நோட்டைத் திறந்து காட்டினாள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து குஞ்சுகள். முதல் குஞ்சு பஞ்சத்தில் அடிபட்டதுபோல இருந்தது. கடைசிக் குஞ்சு கொழுத்திருந்தது.

அனில்குமார் நோட்டை ஒருமுறை, மாமியின் விரலை ஒருமுறை பார்த்தார். பிறகு மிஷினின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். "வையுங்க."

மாமி ரிப்பனை அவிழ்த்து விரலை வைத்து அழுத்தினார்.

சிவப்பு.

மாமியின் கை கீழே இறங்கியது. பையை மடிக்கத் தொடங்கினார். "போவோம் மக்களே. அவ்வளவுதான்."

ஜெப்சி மிஷினைப் பார்த்தாள். கண்ணாடியில் விரல் நுனி பட்ட இடம் மட்டும் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது.

"மாமி, நீங்க அண்டிய அமுக்குற மாதிரி அமுக்கிட்டீங்க. நுனி மட்டும்தான் பட்டிருக்கு. கோழிக்குஞ்சுக்கு எப்பிடி வைப்பீங்க? பைய, படுக்க வச்சு. அப்பிடி வையுங்க."

மாமி அனில்குமாரைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ வையுங்கம்மா. நெருக்கடி ஒண்ணும் இல்ல," என்றார் அவர்.

ஜெப்சி மாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல் மெதுவாகக் கண்ணாடிமேல் படுத்தது. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தெற்றிவிளைக்குச் சிக்னல் வருவது அப்படித்தான்.

பச்சை.

கிர்ரென்று ரசீது வெளியே வந்தது. மாமி கையை எடுக்கவே இல்லை. எடுத்தால் பச்சை போய்விடுமோ என்று பயந்தவர்போல அப்படியே நின்றார்.

"எடுக்கலாம்மா. பதிஞ்சாச்சு," என்று அனில்குமார் சொன்னார். "பேரு எங்கயும் போகாது. பன்னிரண்டு கிலோ. பையைப் பிடிங்க."

அரிசி பைக்குள் விழுகிற சத்தத்தை மாமி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தபோது வரிசையில் ஏழாவதாக நின்ற தாணம்மாள், தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். அவரும் அண்டி ஆபீஸ்தான். அந்தக் கைகளும் தொண்டு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன.

"பிள்ளே, எனக்கும் அந்தக் கோழிக்குஞ்சு பாத்துச் சொல்லுவியா? போன மாசம் மருமவனுக்க விரல வச்சுத்தான் வாங்குனேன்."

ஜெப்சி கடைப் படியில் உட்கார்ந்து ஸ்டாம்ப் பேடைத் திறந்தாள். அன்று மத்தியானத்துக்குள் நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது. தாணம்மாளுக்கு மோதிரவிரல். இன்னொரு அக்காவுக்கு வலது கைப் பெருவிரலின் ஒரு ஓரம். ஒருவருக்கு எந்த விரலிலும் ரேகை விழவில்லை. அவர் பெயரை அனில்குமார் தனியாக எழுதிக்கொண்டு, தாலுகா ஆபீஸுக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார்.

சாயங்காலம் கடை பூட்டுவதற்கு முன் அனில்குமார் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கம்பியில் கட்டினார்:

'இங்கு பத்து விரலும் வைத்துப் பார்க்கப்படும். அவசரப்படுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.'

அன்று மாமி வீட்டில் கஞ்சியும் பயறும். ஆவி பறக்கிற சட்டியைச் சுற்றி ஜெப்சியும் அவள் அம்மாவும் உட்கார்ந்தார்கள். மாமி தவிக் கரண்டியால் தனக்கு முதல் தவி ஊற்றினார். பிறகு இரண்டாம் தவி. மூன்றாவதும் ஊற்றியபோது ஜெப்சி அம்மாவின் தொடையில் கிள்ளினாள். அம்மாவும் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு வயித்துக்குச் சேராதுன்னு சொன்னீங்க?" என்று ஜெப்சி கேட்டாள்.

"இது சோறில்ல, கஞ்சியாக்கும்," என்றார் மாமி.

அப்போதுதான் ஜெப்சி கவனித்தாள். மாமியின் இடது கைச் சுண்டுவிரலில் நீல ரிப்பன் மறுபடியும் ஏறியிருந்தது. முடிச்சு கோணலாக இருந்தது. மாமி ஒற்றைக் கையால் தானே கட்டியிருக்க வேண்டும்.

"லீவுதான் முடிஞ்சாச்சே மாமி?"

மாமி அந்த விரலைத் தூக்கிப் பார்த்தார். ஆறு வருடமாக மறைத்து வைத்திருந்த கை அது. இப்போது விளக்கு வெளிச்சத்தில் தாராளமாக நீண்டிருந்தது.

"எங்க முடிஞ்சுது? அடுத்த மாசமும் இதுக்கு ஒரு நாள் வேலை இருக்கே. அதுவரைக்கும் இருந்து தின்னட்டும்."